லிட்மஸ் தாளும் பரிசுக் கதிரும்

1902 ஜனவரி 15. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே கிளார்க் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறையில் சுமார் முப்பது பிள்ளைகள் கூடினார்கள். பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை, ஆணும் பெண்ணுமாகச் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள். அவர்களை வரச்சொன்னவர் ஆல்பர்ட் பெல்மாண்ட் கிரகாம். அந்த வட்டாரக் கிராமப் பள்ளிகளின் கண்காணிப்பாளர். வயது முப்பத்து மூன்று. நிலவறையைக் கேட்டு வாங்கியதற்குப் பெரிய காரணம் எதுவும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஒரே அறை கொண்ட கிராமப் பள்ளிகள் பலவற்றின் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைக்க வேண்டுமென்றால் பொதுவான ஓர் இடம் வேண்டும். நீதிமன்றம் எல்லாருக்கும் தெரிந்த இடம்.

இன்று அமெரிக்காவில் ஃபோர்-எச் என்ற பெயரில் அறுபது லட்சம் பிள்ளைகள்வரை சேர்ந்திருக்கும் இளைஞர் இயக்கத்தின் பிறந்த நாளாக அந்த நாளைத்தான் சொல்கிறார்கள். ஹெட், ஹார்ட், ஹேண்ட்ஸ், ஹெல்த் என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது பெயர். சின்னம் நான்கு இலைக் குளோவர். 1952-இல் ஐம்பதாம் ஆண்டு அஞ்சல்தலையும் இதே ஸ்பிரிங்ஃபீல்டில்தான் வெளியிடப்பட்டது. ஆனால் கிரகாமைத் தொடங்கியவர் என்று கொண்டாடுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பிள்ளைகளைக் கூட்டி விவசாயம் சொல்லிக்கொடுக்கும் யோசனை அவருக்கு முன்பே வேறிடங்களில் முளைத்திருந்தது. அவரைத் தனித்துப் பார்க்கவைப்பது அவர் தம் மன்றத்துக்கு வைத்த பெயர்: ‘சிறுவர் சிறுமியர் வேளாண் பரிசோதனை மன்றம்’. பயிற்சி மன்றம் என்று வைத்திருக்கலாம், போட்டி மன்றம் என்றும் வைத்திருக்கலாம். அவர் பரிசோதனை என்று வைத்தார். பின்னால் வந்தவர்கள் அந்தச் சொல்லைக் கழற்றிவிட்டார்கள். அதனால் என்ன கைநழுவியது என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

முதலில் அந்தக் காலத்து நிலைமை. அமெரிக்க அரசு 1862-இல் மோரில் சட்டத்தின் மூலம் மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கி வேளாண் கல்லூரிகளுக்கு வழிசெய்தது. 1887-இல் ஹேட்ச் சட்டம் வந்தது; மாநிலத்துக்கு ஆண்டுக்கு 15,000 டாலர் கொடுத்து ஆராய்ச்சி நிலையங்களை அமைத்தது. கல்லூரியும் வந்துவிட்டது, ஆராய்ச்சி நிலையமும் வந்துவிட்டது. நிலையங்கள் அறிக்கைகளை அச்சடித்து அனுப்பிக்கொண்டே இருந்தன. குடியானவர்கள் அவற்றைப் படிக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்ற எண்ணம் ஓஹாயோவிலும் அப்படியே இருந்தது. புத்தகம் பார்த்துப் பயிர்செய்பவன் என்றால் அங்கே அது கேலிச்சொல். குளிர்காலத்தில் ஊர் ஊராக விவசாயிகள் கூட்டம் போட்டு வல்லுநர்களைப் பேசவைத்தார்கள். அதற்கும் வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள்.

கிராமப் பள்ளியின் நிலையோ வேறு. பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிகள். ஒரே அறைக்குள் எட்டு வகுப்பும் நடக்கும். வாசிப்புக்கு மெக்கஃபி வாசகம், பிறகு கணக்கு, எழுத்துக்கூட்டல். ஜன்னலுக்கு வெளியே நூறு ஏக்கர் மக்காச்சோளம் நின்றாலும் கணக்குப் புத்தகத்தில் வருவது நகரத்துக் கடைக்காரரின் துணிமுழம்தான். பிள்ளை நன்றாகப் படித்தால் ஊரைவிட்டுப் போகும். படிக்காவிட்டால் ஏர் பிடிக்கும். படிப்பென்றால் வெளியேறும் வழி என்பதைப் பள்ளியும் பெற்றோரும் பேசிவைத்துக்கொண்டதுபோல் ஏற்றிருந்தார்கள்.

கிரகாம் அந்த அறைகளிலேயே படித்து, அந்த அறைகளிலேயே பாடம் நடத்தியவர். 1868 மார்ச் 13-ஆம் தேதி ஓஹாயோவின் சாம்பெய்ன் மாவட்டத்தில் லீனா என்ற சிற்றூருக்கு அருகே பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாயின் உழைப்பில் வளர்ந்தார். ஆசிரியர் பயிற்சி, கொஞ்ச காலம் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் படிப்பு, பிறகு கிராமப் பள்ளிகளில் வேலை. 1900-இல் ஸ்பிரிங்ஃபீல்டு வட்டாரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஆனார். சிதறிக்கிடந்த சின்னப் பள்ளிகளை ஒன்றுசேர்த்து, பிள்ளைகளைக் குதிரை வண்டியில் அழைத்துவர வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். அது வேறு கதை.

மன்றத்தின் வேலைத்திட்டம் எளிமையானது. பிள்ளைகள் வீட்டில் கொஞ்சம் நிலம் கேட்டு வாங்கி மக்காச்சோளம் போட வேண்டும். காய்கறித் தோட்டம் போடலாம், பூச்செடி வளர்க்கலாம். தங்கள் நிலத்து மண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டும். செய்ததையும் கண்டதையும் எழுதிவைக்க வேண்டும். விதைக்கும் ஆலோசனைக்கும் கிரகாம் மாநில ஆராய்ச்சி நிலையத்தையும் பல்கலைக்கழக வேளாண் கல்லூரியையும் நாடினார். அப்போது கல்லூரி முதல்வராக இருந்த தாமஸ் ஹன்ட் கை கொடுத்தார். பெரியவர்கள் படிக்காமல் போட்ட அறிக்கைகளின் சாரம் இப்படிப் பிள்ளைகள் வழியாக வீட்டுக்குள் நுழைந்தது.

அந்த மண் சோதனையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். கருவி என்று ஒன்றுமில்லை; ஒரு துண்டு நீல லிட்மஸ் தாள், அவ்வளவுதான். நிலத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து, நல்ல தண்ணீர் விட்டுச் சேறாக்கி, அதன் நடுவே கத்தியால் பிளந்து தாளைச் செருகி மண்ணை மூட வேண்டும். சற்று நேரம் கழித்து உருவிப் பார்த்தால் தாள் நீலமாகவே இருக்கும், அல்லது சிவந்திருக்கும். சிவந்தால் மண்ணில் புளிப்பு ஏறிவிட்டது என்று பொருள். புளித்த மண்ணில் குளோவர் சரியாக வராது. குளோவர் நம்மூர்ப் பயறு வகைகளுக்கு உறவான தீவனச் செடி. அதன் வேர்முடிச்சுகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். மக்காச்சோளம் மண்ணின் சத்தை உறிஞ்சிவிட்டுப் போன பிறகு நிலத்தைத் தேற்றுவது குளோவர்தான். ஆகவே குளோவர் பொய்த்தால் அடுத்தடுத்த போகங்களும் இளைக்கும். மருந்து சுண்ணாம்பு.

வேர்முடிச்சின் ரகசியம் ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்ற அறிவியலாளரால் வெளிப்பட்டு அப்போது பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவ்வளவு புதிய அறிவியல், ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் ஒரு துண்டுத் தாளாக வந்து சேர்ந்தது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. ‘நம்ம நிலத்தில் குளோவர் வராது’ என்று தாத்தா காலத்திலிருந்து சொல்லிவரும் வீட்டில், தாள் சிவந்ததைப் பிள்ளை கொண்டுவந்து காட்டுகிறது. அப்பா சொன்னது பொய்யாகிவிடவில்லை. அவர் கண்டது உண்மைதான், காரணம் மட்டும் இப்போது தெரிகிறது. பெரியவர்களின் முகம் கோணாமல் ஒரு புதிய செய்தியை வீட்டுக்குள் கொண்டுபோக இதைவிட நல்ல வழியை என்னால் யோசிக்க முடியவில்லை. இயக்கத்தின் சின்னமாகப் பின்னாளில் குளோவர் இலை வந்தது வேறு வழியில், வேறு ஊரில். ஆனாலும் அந்த இலையைப் பார்க்கும்போது எனக்குச் சிவந்த லிட்மஸ் தாள்தான் நினைவுக்கு வருகிறது.

பெயரில் பரிசோதனை என்று இருந்ததால் தோல்விக்கும் அங்கே இடம் இருந்தது. ஒரு பாத்தியில் ஒரு ரகம், பக்கத்துப் பாத்தியில் இன்னொன்று. இரண்டில் ஒன்று குறைவாகத்தான் விளையும். குறைவாக விளைந்த பாத்தியும் ஒரு விடைதான். கிரகாமின் மன்றத்தில் கண்காட்சியே இல்லை என்று சொல்ல வரவில்லை. விளைந்ததை ஊர் பார்க்க வைக்கும் ஆசை யாருக்குத்தான் இல்லை? ஆனால் மன்றத்தின் அச்சு கண்காட்சியில் இல்லை.

1903-இல் பிள்ளைகளையும் பெற்றோரையும் மின்சார ரயிலில் ஏற்றிக் கொலம்பஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப்போனார். தங்கள் வரியில் நடக்கும் அந்த இடத்தை அவர்களில் பலர் அதுவரை பார்த்ததே இல்லை. சில ஆண்டுகளில் மன்றங்கள் ஓஹாயோவின் பத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்களுக்குப் பரவின. 1905 ஜூலையில் பல்கலைக்கழகம் கிரகாமையே தன் முதல் வேளாண் விரிவாக்கக் கண்காணிப்பாளராக எடுத்துக்கொண்டது.

விரிவாக்கம் என்ற சொல் நமக்கும் பழக்கமானதுதான். தமிழ்நாட்டில் வட்டாரம்தோறும் வேளாண்மை விரிவாக்க மையம் என்ற பலகை தொங்குகிறது. விதையும் உயிர் உரமும் மானிய விலையில் கிடைக்கும் இடம் என்றுதான் அதை நாம் அறிவோம்; எதை விரிக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. விரிக்கப்படுவது பல்கலைக்கழகம். மதிலுக்குள் இருக்கும் கல்வியை மதிலுக்கு வெளியே நீட்டுவதுதான் அந்தச் சொல்லின் முதற்பொருள். 1952 அக்டோபர் 2-இல் இந்தியாவில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது கூடவே வந்த அமெரிக்கப் பணத்தோடும் ஆலோசகர்களோடும் இந்த ஏற்பாடும் வந்தது. கிராம சேவக் என்ற பதவியும் அப்படி உருவானதே. ஓஹாயோவில் அது பிள்ளைகளிடமிருந்து தொடங்கியது என்பதை மட்டும் யாரும் இங்கே எடுத்துவந்ததாகத் தெரியவில்லை.

இனி, கிரகாமுக்கு முந்தியவர். இல்லினாய் மாநிலத்தின் மக்கூப்பின் மாவட்டத்தில் வில் ஆட்வெல் என்பவர் விவசாயிகள் கூட்டம் போட்டுப் பார்த்தார், ஆள் வரவில்லை. பெரியவர்களை விட்டுவிட்டுப் பையன்களைப் பிடித்தார். 1899-இல் சுமார் 500 பையன்களுக்கு நல்ல மக்காச்சோள விதை கொடுத்து, அதிகம் விளைவித்தவருக்குப் பரிசு என்று அறிவித்தார். அடுத்த கூட்டத்துக்கு அப்பாக்கள் தாங்களாகவே வந்து நிறைந்தார்கள். 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் அவர் பையன்கள் விளைவித்த கதிர்கள் கோபுரமாக அடுக்கப்பட்டன. சாமர்த்தியமான மனிதர். ஆனால் அவருக்குப் பிள்ளை ஒரு வாசல். போக வேண்டிய இடம் அப்பா. மூன்றாண்டு முந்தியவர் என்பதற்காக அவரைத் தொடங்கியவர் என்று சொல்லலாம்தான், சிலர் சொல்கிறார்கள். தேதியை வைத்துத் தந்தைப் பட்டம் கொடுப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை.

தெற்கு மாநிலங்களில் ஆட்வெல்லின் வழிதான் அரசின் வழியானது. பருத்திக் காய்களை அரித்த கூன்வண்டு டெக்சாஸ் மாநிலத்தைச் சூறையாடிக்கொண்டிருந்த நேரம். அரசு வேளாண் துறையைச் சேர்ந்த சீமன் நாப் 1903-இல் டெரல் என்ற ஊரில் ஒரு குடியானவரின் சொந்த நிலத்திலேயே செய்துகாட்டும் முறையைத் தொடங்கினார். அதைத் தொட்டுப் பையன்களுக்கான மக்காச்சோள மன்றங்கள் வந்தன. மிசிசிப்பியின் ஹோம்ஸ் மாவட்டத்தில் 1907-இல் வில்லியம் ஸ்மித் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் தொடங்கிய மன்றம் முன்மாதிரி ஆயிற்று. ஆளுக்கு ஒரு ஏக்கர். மாநிலத்தில் முதலில் வருகிறவருக்கு வாஷிங்டன் பயணம், வேளாண் அமைச்சர் கையால் சான்றிதழ். 1910-இல் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜெர்ரி மூர் என்ற பதினைந்து வயதுப் பையன் ஒரு ஏக்கரில் 228¾ புஷல் எடுத்து நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தான். நம் கணக்கில் ஏறத்தாழ 58 குவிண்டால். நாட்டின் சராசரி அப்போது முப்பது புஷலைச் சுற்றிக்கூட நிலையாக நிற்கவில்லை என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய சாதனை என்று விளங்கும்.

இந்தச் சாதனைகளுக்குப் பின்னால் இருந்த உரச்செலவு என்ன? போட்டி நடத்தியவர்களுக்கும் இந்தக் கேள்வி எழாமல் இல்லை. நாப்பின் மன்றங்கள் விளைச்சலுக்கு 30 மதிப்பெண், லாபத்துக்கு 30, காட்சிக்கு வைத்த கதிர்களுக்கு 20, பயிர்செய்த கதையை எழுதியதற்கு 20 என்று பிரித்தன. விளைச்சலை மட்டும் வைத்துப் பரிசு கொடுத்தால் காசைக் கொட்டியவன் ஜெயிப்பான் என்பதைக் கண்டுகொண்ட பிரிப்பு இது. ஆனாலும் செய்தித்தாளில் வந்தது புஷல் கணக்குத்தான்.

பெண்பிள்ளைகள் இந்த ஏக்கர் போட்டியில் இல்லை. கிரகாமின் நிலவறையில் முதல் நாளே இருந்தவர்கள், தெற்கில் 1910-இல்தான் உள்ளே வந்தார்கள்; அதுவும் தனிக் கதவு வழியாக. தென் கரோலினாவின் எய்க்கன் மாவட்டத்தில் மேரி குரோமர் என்ற ஆசிரியை, பையன்களின் மன்றத்தைப் பற்றிய ஒரு பேச்சைக் கேட்டுவிட்டு, பெண்களுக்கு என்ன என்று யோசித்துத் தக்காளி மன்றம் தொடங்கினார். முதலாண்டில் 47 பெண்கள். ஆளுக்குப் பத்து சென்ட் நிலம். விளைந்ததைத் தகர டப்பாவில் அடைத்து விற்க வேண்டும். மண்ணைவிடச் சமையலறைக்கு நெருக்கமான வேலை என்று குறைசொல்லலாம். ஆனால் விற்ற காசு அந்தப் பெண்ணின் கைக்கு வந்தது.

இவர்களுக்கு நடுவே, கிரகாமின் மனப்போக்குக்கு மிக அருகில் வந்தவர் அயோவாவின் பேஜ் மாவட்டத்து ஜெஸ்ஸி ஃபீல்டு. 1906-இல் மாவட்டப் பள்ளிக் கண்காணிப்பாளர் ஆனவர். வயற்கணக்கு என்று தனியாக ஒரு கணக்குப் புத்தகமே எழுதினார். அக்காலத்து மத்திய மேற்குப் பள்ளிகளில் பரவியிருந்த விதைச் சோதனையைப் பார்த்தால் அந்தக் கணக்கு எப்படிப்பட்டது என்று புரியும். ஈரத்துணியில் கட்டங்கள் போட்டு எண்ணிடுவார்கள். ஒவ்வொரு கதிரிலிருந்தும் மேல், நடு, அடி என்று ஆறு மணிகளை உருவி அதற்குரிய கட்டத்தில் வைத்து, துணியைச் சுருட்டிக் கட்டிக் கதகதப்பான இடத்தில் வைத்துவிடுவார்கள். சில நாள் கழித்துப் பிரித்தால் எந்தக் கட்டத்தில் முளை இல்லையோ அந்தக் கதிர் கோழிக்கு. ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 13 கதிர்களின் மணி போதும். அப்படியானால் செத்த கதிர் ஒன்று விதையோடு கலந்துவிட்டால் ஏக்கரில் எத்தனை சென்ட் வெறுமையாய்க் கிடக்கும்? கிட்டத்தட்ட எட்டு சென்ட். பின்னக் கணக்கு இப்போது பிள்ளைக்குத் தானாகவே புரியும். நம்மூரிலும் விதைநெல்லை ஈரச்சாக்கில் முளைகட்டிப் பார்க்கத் தெரியாத குடியானவர் இல்லை. எண்ணிடுவதும் எழுதுவதும்தான் பள்ளி சேர்த்தது.

பரிசோதனைக்கும் பரிசுக்கும் உள்ள தூரத்தை அளந்துகாட்டியவன் ஓர் அயோவாப் பையன். அந்நாளில் மக்காச்சோளக் கண்காட்சி என்றால் அழகுப் போட்டிதான். கதிர் நேராக உருண்டிருக்க வேண்டும், வரிசை கோணக்கூடாது, நுனிவரை மணி பிடித்திருக்க வேண்டும். பத்துக் கதிர்களை வரிசையாக வைத்து மதிப்பெண் அட்டையை நிரப்புவார்கள். அயோவாக் கல்லூரியின் பெரி ஹோல்டன் இதில் பெரிய குரு. 1904-இல் ரயில் பெட்டிகளில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். ஹென்றி வாலஸ் என்ற பதின்ம வயதுப் பையன், வேளாண் பத்திரிகை நடத்தும் குடும்பத்துப் பிள்ளை, அவரிடமே சந்தேகம் கேட்டான்: அழகான கதிர்தான் அதிகம் விளையும் என்று எப்படித் தெரியும்? போட்டுப் பார் என்று விதைக்கதிர்கள் கிடைத்தன. கதிருக்கு ஒரு வரிசை என்று தனித்தனியே விதைத்து, அறுத்து, நிறுத்துப் பார்த்தான். அழகில் முதலிடம் பெற்ற கதிர் விளைச்சலில் பின்தங்கியது. அந்தப் பையன் பின்னாளில் 1926-இல் கலப்பின மக்காச்சோள விதை நிறுவனம் தொடங்கினான். அமெரிக்காவின் வேளாண் அமைச்சராகவும் துணைக் குடியரசுத் தலைவராகவும் ஆனான். அவன் கிரகாமின் மாணவன் அல்ல, எந்த மன்றத்தின் தயாரிப்பும் அல்ல. ஆனால் வேளாண் பரிசோதனை மன்றம் என்ற பெயரில் அடங்கியிருந்தது இதுதான்: பெரியவர் சொன்னதை நிறுத்துப் பார்க்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்பது.

1914 மே 8-இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. விரிவாக்கப் பணிக்கு மத்திய அரசின் நிதி நிரந்தரமாயிற்று. சிதறியிருந்த மன்றங்கள் அரசுக் குடைக்குள் வந்தன. தென் மாநிலங்களில் அந்த நிதி பெரும்பாலும் வெள்ளையர் கல்லூரிகள் வழியாகவே பாய்ந்தது. தெற்கிலுள்ள டஸ்கிகீ என்ற ஊரில் 1906-இலேயே தாமஸ் மன்ரோ கேம்பெல் என்ற கறுப்பின விரிவாக்க அலுவலர், கருவிகளையும் விதைகளையும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு கறுப்பினக் குடியானவர்களைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். கறுப்பினப் பிள்ளைகளுக்கும் மன்றங்கள் இருந்தன. தனியாக, குறைந்த பணத்தில். 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகே அந்தப் பிரிவினை உடையத் தொடங்கியது. பொன்விழா ஆண்டை ஒட்டி ஃபிராங்க்ளின் ரெக் எழுதிய வரலாற்று நூலைப் பெருமிதத்தோடு படித்தவர்கள், 2015-இல் கேப்ரியல் ரோசன்பர்க் எழுதிய நூலையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். கடனும் முதலீடும் சார்ந்த விவசாயத்துக்குப் பிள்ளைகளைப் பழக்கும் அரசுக் கருவியாக இயக்கம் எப்படி வேலைசெய்தது என்று அவர் காட்டுகிறார். அவர் வாதம் சில இடங்களில் இழுபட்டாலும் அடிப்படையில் சரி என்றே எனக்குப் படுகிறது. விளைச்சலைப் பரிசாக்கிய நாளிலேயே அந்தப் பாதை திறந்துவிட்டது.

கிரகாம் இதற்குள் வேறு இடங்களுக்குப் போய்விட்டார். நியூயார்க்கின் ஃபார்மிங்டேல் வேளாண் பள்ளியில் கொஞ்ச காலம். 1915 முதல் 1938 வரை வாஷிங்டனில் வேளாண் துறையின் விரிவாக்கப் பிரிவில் அதிகாரி. இளைஞர் இயக்கத்தின் தலைவர் என்று அவரை யாரும் நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. ஓய்வுபெற்று ஓஹாயோ திரும்பினார். 1960 ஜனவரி 14-இல், நிலவறைக் கூட்டம் நடந்து ஐம்பத்தெட்டு ஆண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்பாக, தம் தொண்ணூற்றோராம் வயதில் இறந்தார். சாம்பெய்ன் மாவட்டத்தின் செயின்ட் பாரிஸில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அவர் பெயர் இருக்கிறது.

இன்றைய ஃபோர்-எச் பிள்ளைகளில் பலர் விவசாயக் குடும்பத்தவர் அல்லர். ரோபோ செய்கிறார்கள், நாய் பழக்குகிறார்கள். மாவட்டக் கண்காட்சியில் தான் வளர்த்த காளை ஏலம் போகும்போது அழும் பிள்ளையின் படம் இப்போதும் செய்தியில் வரும். ஆனால் பரிசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அங்கே ஒரு பதிவேடு உண்டு. என்ன வாங்கினாய், என்ன தீனி போட்டாய், எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு, என்ன கற்றாய் என்று பிள்ளையே தன் கையால் எழுத வேண்டிய ஏடு. கோழி செத்துப்போன வருடத்துக்கும் அதில் பக்கம் இருக்கிறது.